சேமிக்கிறதுக்கே கூலி கொடுப்பீங்களா? கானாவின் ‘சுசு’ கணக்கு

பேங்க்ல பணம் போட்டா நமக்கு வட்டி தருவாங்க. ஆனா, நம்ம பணத்தை வாங்கி வச்சுக்க நாமளே கூலி கொடுக்கணும்னு சொன்னா? கானாவில் சின்ன வியாபாரிகள் தலைமுறைகளாக இதைத்தான் செய்றாங்க. பேரு ‘சுசு’.

எப்படி நடக்குது?

அக்ராவின் மக்கோலா, குமாசியின் கெஜெதியா மாதிரி சந்தைகளில் சுசு கலெக்டர் தினமும் கடைக்கே வந்து, முதல்லயே பேசி வச்ச ஒரே தொகையை வாங்கிக்குவார். அட்டையில் ஒரு நாளைக்கு ஒரு கட்டம் நிரப்புவார். மாசக் கடைசியில் மொத்தப் பணத்தையும் திருப்பித் தருவார், ஒரு நாள் தொகையைத் தவிர. அதுதான் அவர் கூலி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தினமும் 20 செடி (கானா நாணயம்) கட்டுறாங்கன்னு வச்சுக்குவோம்.

- 31 நாளில் கட்டியது: 620 செடி
- கைக்கு வருவது: 600 செடி
- கூலி: 20 செடி

“3.2% தானே”ன்னு தோணும். அங்கதான் கவனிக்கணும். முதல் நாள் கட்டிய 20 செடி மாசம் முழுக்க அவர்கிட்ட இருக்கு. கடைசி நாள் கட்டியது ஒரே நாள்தான். சராசரியா அவர்கிட்ட இருந்த பணம் 320 செடி. அதுக்கு மாசம் 20 செடின்னா 6.25%. வருஷக் கணக்கில் மைனஸ் 75%!

அப்புறம் ஏன் கட்டுறாங்க?

கடையைப் பூட்டிட்டு பேங்க் வரிசையில் நின்னா அன்னிக்கு வியாபாரம் போச்சு. வீட்டில் வச்சா செலவாகும், இல்லேன்னா சொந்தக்காரங்க கேட்டா மறுக்க முடியாது. சுசுவில் போட்டா மாசக் கடைசியில் சரக்கு எடுக்க மொத்தமா ஒரு தொகை கைக்கு வரும். ஒழுங்கா கட்டுறவங்களுக்குச் சில கலெக்டர்கள் முன்பணமும் தருவாங்க. ஆக, அந்த 20 செடி ஒழுக்கத்துக்குக் கொடுக்கிற விலை.

இன்னொரு வகை, குழு சுசு. 10 பேர் மாசாமாசம் போட்டு, முறை வச்சு ஒருத்தர் மொத்தமா எடுப்பாங்க. நம்ம ஊர் குலுக்கல் சீட்டு மாதிரி, ஏலம் கிடையாது. முதல்ல எடுக்கிறவருக்கு வட்டியில்லாக் கடன். கடைசியா எடுக்கிறவருக்கு விலைவாசி ஏறின பிறகும் அதே தொகைதான். 2022 டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54.1%. கடைசி ஆளோட நஷ்டத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ரிஸ்க் எங்கே?

எல்லாமே நம்பிக்கை. கலெக்டர் ஓடிட்டா அட்டை மட்டும்தான் மிச்சம். கம்பெனின்னாலும் உஷார் தேவை: 2019 மே மாதம் பேங்க் ஆஃப் கானா 347 மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது.

உங்களுக்கு என்ன பாடம்?

அந்தச் சந்தைக்காரம்மாவுக்கு வருமானம் தினசரி, அதனால சேமிப்பும் தினசரி. உங்களுக்குச் சம்பளம் மாசம் ஒரு நாள். சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.க்கோ எஸ்.ஐ.பி.க்கோ ஆட்டோ டெபிட் போட்டு விடுங்க. கலெக்டர் செய்ற வேலையை அது கூலி வாங்காமல் செய்யும். ஆர்.டி.யில் வட்டியும் வரும்.

ஆபீஸ் நண்பர்களோட சீட்டு போடுறீங்களா? அப்போ ரெண்டே கேள்வி. பணம் யார் கையில் இருக்கு? அவர் கொடுக்கலேன்னா உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு? பதில் இல்லேன்னா, திரும்பி வராட்டியும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்க.

நீங்க மாசாமாசம் எப்படிச் சேமிக்கிறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.