கம்பம் திராட்சைப் பயணம்: ஓர் ஐந்தொகை

திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கேயே ஒயினைச் சுவைத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது பிரான்சில் பெரிய தொழில். அங்கே இதற்காகவே ஆண்டுக்கு 1 கோடிப் பேருக்கு மேல் போகிறார்கள். நம் நாட்டில் இதற்குப் பெயர் பெற்ற ஊர் நாசிக். மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. 2005-ல் சுலா ஒயின் நிறுவனம் அங்கே சுவைக்கூடம் திறந்தது. காரைக்குடியிலிருந்து நாசிக் 1,400 கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்தில் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் ஒயின் நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது. அதற்கும் முதலில் பெங்களூரு வரை 400 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்.

செட்டிநாட்டு வலையபட்டிக்காரருக்குப் பக்கத்தில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. காரைக்குடி வந்துவிட்டால் மதுரைக்குச் சுமார் 90 கி.மீ., அங்கிருந்து தேனிக்கு 76, தேனியிலிருந்து கம்பத்துக்கு 40. மொத்தம் 210 என்று வைத்துக்கொள்ளலாம். 2018 கட்டணப்படி புறநகர்ச் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு: போக 122 ரூபாய், போய்வர 244. விரைவுப் பேருந்தில் 75 காசு: போய்வர 315. மதுரையில் இறங்கி ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறு சிரமம் இல்லை.

இனி பழத்தின் கணக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. குறியீடு கிடைத்த சமயத்தில் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த எண்கள்: சுமார் 10 கிராமங்கள், சுமார் 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 90,000 டன். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 45 டன் வருகிறது. இது நடக்காத காரியம். பன்னீர் ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12. அந்த 2,000-ஐ 12-ஆல் பெருக்கினால் 24,000 டன்னைத்தான் தொடும். பரப்பு குறைத்துச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது டன் கூட்டிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். திராட்சைப் பந்தல் போட்டவரின் வயிற்றுப்பாடு இந்த எண்களை வைத்துத்தான் பேசப்படுகிறது. ஆகவே இதைச் சரிபார்த்து வெளியிடுவது அரசின் கடமை என்று நினைக்கிறேன்.

நான் நம்புவது 12 டன்னை. 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 674 கொடி நிற்கும். கொடிக்கு ஆண்டுக்குச் சுமார் 18 கிலோ. பந்தலுக்குள் போய்ப் பார்த்தால் இந்த 18 கிலோ கண்ணுக்குப் புரியும். கல்தூண் ஊன்றி, மேலே கம்பி பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். உயரமானவர் குனிந்துதான் நடக்க வேண்டும். குலைகள் முகத்துக்கு நேரே தொங்கும். கறுத்த பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய படலம். விரல் பட்ட இடத்தில் மட்டும் அது போய்ப் பளபளக்கும். தோல் மெல்லியது, உள்ளே விதை உண்டு, கடித்ததும் பன்னீர் வாசனை மூக்கில் ஏறும். கவாத்து செய்து 120 நாளில் அறுப்பு. இதனால் இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு எடுக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து வெவ்வேறு மாதத்தில் நடப்பதால் எந்த மாதம் போனாலும் எங்கேயாவது பழம் தொங்கும். அடைமழையில் மட்டும் பழம் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஒயினின் கணக்கு. ஒரு 750 மில்லி ஒயின் பாட்டிலுக்குச் சுமார் 1.2 கிலோ திராட்சை வேண்டும். கிலோ 40 ரூபாய் என்றாலும் பாட்டிலுக்குள் இருக்கும் பழத்தின் விலை 48 ரூபாய்தான். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. நாசிக்கைப்போலத் தோட்டத்து வாசலில் கிண்ணம் நீட்டும் ஏற்பாடு இங்கே வளரவில்லை. கம்பத்தில் சுவைப்பது பழத்தையும் சாற்றையும்தான். குழந்தைகளையும் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போக இதுவே வசதி.

நான்கு பேர், ஓர் இரவு. விலைகளை நானே ஒரு மட்டமாக வைத்துக்கொள்கிறேன். சொந்தக் காரில் 420 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., லிட்டர் 100 ரூபாய்: 2,800. அறை இரண்டு: 3,000. ஆளுக்கு நான்கு வேளைச் சாப்பாடு, வேளைக்கு 150: 2,400. பழம் 10 கிலோ, கிலோ 60: 600. ஆக 8,800. திராட்சை பார்க்கப் போன பயணத்தில் திராட்சைக்காரர் கைக்குப் போனது 100-க்கு 7 ரூபாய்கூட இல்லை. இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

இதையே மாற்றிப் போடலாம். விரைவுப் பேருந்து 1,260. இரண்டு வேளைக்கு வீட்டுக் கட்டுச்சோறு. புளியோதரை மறுநாள் காலைவரை தாங்கும். வெளிச்சாப்பாடு 1,200 ஆகிறது. மிச்சமான 1,200-ல் சுமார் பாதியைப் பழத்துக்கு வைத்த 600-உடன் சேர்த்துத் தோட்டத்திலேயே செலவழித்தால்: பழம் 15 கிலோ 900, ஆளுக்கு இரண்டு தம்ளர் சாறு, தம்ளர் 40 வீதம் 320. அறை அதே 3,000. மொத்தம் 6,680. செலவு 2,120 குறைகிறது. தோட்டத்துக்குப் போகும் பங்கு 100-க்கு 18 ஆகிறது.

கம்பத்தில் கிடைக்கும் காட்சிக்குப் பெரிதாகத் தனிச் செலவு வராது. மேற்கே மலைத்தொடர், பக்கத்தில் சுருளி அருவி, வழியெல்லாம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அங்கே இல்லாதது விருந்தும் வீடும். அவை செட்டிநாட்டில் இருக்கின்றன. காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி 1999 முதல் விருந்தினருக்கு இலை போடுகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரரிடம் 210 கிலோமீட்டரில் திராட்சைப் பந்தல் இருக்கிறது என்று நம் விடுதிக்காரர்கள் சொன்னால் இரண்டு ஊருக்கும் வரவு.

பழத்தை அட்டைப்பெட்டியில் தாள் விரித்து, குலையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வாங்குங்கள். காலையில் வெட்டியது அன்று இரவுக்குள் வலையபட்டி வந்துவிடும். இரண்டு, மூன்று நாளுக்குமேல் வைக்க முடியாது. 15 கிலோவில் பாதியைப் பங்காளி வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவது நல்லது.