பிள்ளை நோயுற்ற வீடும் நமது சங்கமும்

தறி நின்றுவிட்டதென்று ஒரு நெசவாளர் சங்கத்தில் சொன்னால், நூல் வரவில்லையா, பாவு தீர்ந்துவிட்டதா, கூலி கட்டுப்படியாகவில்லையா என்றே நாம் கேட்கிறோம். பயிர்க்கடன் தவணை தவறியதென்று ஒரு விவசாயச் சங்கத்தில் சொன்னால், மழை பொய்த்ததா, விலை விழுந்ததா என்று கேட்கிறோம். இக்கேள்விகள் நியாயமானவையே. ஆயினும் இவற்றில் அடங்காத மற்றொரு காரணமும் உண்டு. வீட்டில் ஒரு குழந்தை மாதக்கணக்கில் கடும் நோயுற்றிருந்தாலும் தறி நிற்கும், கழனி தரிசாகும், தவணை தவறும். கூட்டுறவு இன்ஸ்பெக்டர் என்ற முறையில் ஊர்தோறும் சென்று பேரேடுகளைப் பரிசோதிக்கும் நாம், இக்காரணத்தைக் குறிப்பதற்கென ஒரு பத்தியை எந்தப் பேரேட்டிலும் கண்டதில்லை.

நெமிலிச்சேரி, சென்னைக்கு மேற்கே பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே ரெயில் நிலையம் உள்ள ஊர். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை இவ்வூரைத் தொட்டு மீஞ்சூரை நோக்கிச் செல்கிறது. சாலை வந்தபின் கழனிகள் பல வீட்டுமனைகளாயின. எஞ்சிய நிலத்தில் பயிர் செய்வோரும், காலையில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இவ்வட்டாரத்தில் நாம் சந்தித்த ஓர் அங்கத்தினரைப் பற்றி, அடையாளம் தெரியாவண்ணம் இங்கே கூறுகிறோம்.

அவர் கீரையும் கத்தரியும் பயிரிட்டு வந்தவர். அவருடைய ஏழு வயது மகனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது, உடல் வெளுத்தது. பல நாள் கைமருந்துக்குப் பின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையாதலால் சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட நேரவில்லை. ஆனால் தாய் மகனோடு மருத்துவமனையில் தங்கினாள். தந்தை பகலில் அங்கும் இரவில் இங்குமாக அலைந்தார். நீர் பாய்ச்ச ஆளின்றிப் பாத்திகள் காய்ந்தன. பன்னிரண்டு வயது மகள் பள்ளியை விட்டு உலை வைக்கலானாள். இரண்டாம் ஆண்டில் சிறுவன் இறந்தான். அடுத்த மாதம், அவருடைய சங்கத்திலிருந்து தவணை தவறியதற்கான அறிவிப்பு வந்து சேர்ந்தது.

அறிவிப்பில் விதிப்படி யாதொரு பிழையுமில்லை. அவரும் அதைப் பற்றி நம்மிடம் முறையிடவில்லை. அந்த இரண்டாண்டில் கழனிக்குத் தண்ணீர் திருப்ப முறைவைத்து ஒருவர் வந்திருந்தால் மகளின் படிப்பு நின்றிராது என்று மட்டும் சொன்னார். மகன் போனபின் தெருவில் எவரும் அவன் பெயரைச் சொல்வதில்லை என்பதையும் சொன்னார். இவ்விரண்டு குறைகளுமே பணத்தால் தீர்பவை அல்ல. முதலாவதற்குக் கைகள் வேண்டும். இரண்டாவதற்கு நெஞ்சில் இடம் வேண்டும். இவ்விரண்டும் சங்கத்தின் அங்கத்தினரிடம் நிறைய உண்டு என்பதும், அவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதே நம் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

சிகிச்சை கிடைக்கும் இடங்கள்

குழந்தைக்குப் புற்றுநோய் என்றாலே முடிவு என்று எண்ணுவோர் இன்னும் பலர். அது தவறு. வளமிக்க நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் முப்பதின்மருக்கும் குறைவாகவே பிழைக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகெங்கும் குறைந்தது அறுபதின்மரேனும் பிழைக்கவேண்டும் என்ற இலக்கை 2030ஆம் ஆண்டுக்கு வைத்து, அந்நிறுவனம் 2018இல் ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிவதும், தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடுவதும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்களாகும்.

நம் மாநிலத்தில் இதற்கான வழி நெடுநாட்களுக்கு முன்பே வகுக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அத்துயரத்தைத் தம் வீட்டோடு அடக்கிவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு நிதி திரட்டினார். 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்துக்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். குழந்தைகளின் புற்றுநோய்க்கென நாட்டிலேயே முதன்முதலாக ஒரு தனிப் பிரிவு 1960இல் அங்கே அமைந்தது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உண்டு. நெமிலிச்சேரியிலிருந்து மின்சார ரெயிலில் சென்ட்ரல் சென்றால் எழும்பூர் தொலைவன்று.

செலவுக்கு வழி செய்யும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கிற்று. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதோர்க்கு உரியது அது. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நோய் வந்தபின் ஓடுவதைவிட, நோயில்லாத நாளிலேயே ஒவ்வோர் அங்கத்தினரும் இதைச் செய்து வைப்பது நலம். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்குவதற்கு, 2006இல் மும்பையில் தோன்றிய செயின்ட் ஜூட் நிறுவனம் சென்னையிலும் இல்லம் நடத்துகிறது. காஞ்சிபுரம், ஆரணி போன்ற தறியூர்களிலிருந்து வருவோர் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் இதைக் கேட்டறியலாம்.

இடையில் நிற்கும் சிகிச்சை

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை தேவை. முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். அப்போதுதான் அபாயம். பிள்ளை தேறிவிட்டானே, இனி எதற்கு அலைச்சல் என்ற எண்ணம் வீட்டாருக்கு வருகிறது. கூலி போகிறது, கழனி கிடக்கிறது, மற்றப் பிள்ளைகள் வாடுகின்றனர். இவையெல்லாம் அந்த எண்ணத்துக்குத் துணைநிற்கின்றன. சிகிச்சையை நிறுத்திவிட்டால் மறைந்திருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். அப்போது அதை வெல்வது முன்னிலும் கடினம். ஆகவே, மருத்துவமனைக்குப் போகும் நாளில் தறியையும் கழனியையும் அண்டை வீட்டார் பார்த்துக்கொள்வது வெறும் உபகாரமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

அண்டை வீட்டார் அறியவேண்டிய வேறு சில செய்திகளும் உள. புற்றுநோய் தொற்றுநோயன்று, அக்குழந்தையோடு பழகுவதால் எவருக்கும் யாதும் நேராது. ஆனால் மருந்தின் காரணமாக அக்குழந்தையின் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைந்திருக்கும். ஆதலின் சளி, காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் பார்க்கப் போகலாகாது. யாரோ சொன்ன வேரும் சூரணமும் கொண்டுபோய்க் கொடுக்கலாகாது. காரணம் தெரியாத தொடர்காய்ச்சல், உடல் வெளுத்தல், அடிபடாமலே தோன்றும் கன்றிய நீலத் தழும்பு, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, கண்ணின் கருமணியில் வெண்ணிற ஒளி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

குணப்படுத்த இயலாத நிலை வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதில்லை. வலியைத் தணித்து, மூச்சுத் திணறலைக் குறைத்து, வீட்டிலேயே குழந்தையை அமைதியாக வைத்திருக்கும் வலி தணிப்பு சிகிச்சை இன்று தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் ஒரு சிறு சங்கமாக இப்பணி தொடங்கிற்று. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களே பயிற்சி பெற்று, சிறு சிறு தொகைகள் திரட்டி, வீடுவீடாகச் சென்று இதைச் செய்யலாயினர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளிக்கும் வலி தணிப்பு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. பொதுமக்களின் சிறு பங்குகளால் பெரும் பணி நடக்கும் என்பதற்கு மலப்புறம் நல்ல சான்று. 1904இல் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றியதும் அதே நம்பிக்கையில்தானே!

பதினாறு நாள் இல்லாத துக்கம்

முதியவர் ஒருவர் இறந்தால் ஊர் கூடுகிறது. பதினாறாம் நாள் வரை உறவினர் வந்து போகின்றனர். அழுவதற்கும் பேசுவதற்கும் அங்கே இடமும் முறையும் உண்டு. சிறு குழந்தை இறந்தாலோ, அநேக குடும்பங்களில் அடக்கம் செய்வதோடு சடங்குகள் முடிகின்றன. கூடியவர்கள் விரைவில் கலைகின்றனர். இன்னொன்று பிறக்கும், மறந்துவிடு என்று தாய்க்கு ஆறுதல் சொல்கின்றனர். அவளைச் சுப காரியத்துக்கு அழைக்கவும் சிலர் தயங்குகின்றனர். சொல்பவர்கள் தீய எண்ணத்தால் சொல்வதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமையே காரணம். ஆயினும் பெற்றோரின் துக்கம் அடக்கத்தோடு முடிவதில்லை. பிறந்த நாள், பள்ளி திறக்கும் நாள், பொங்கல், அதே வயதுப் பிள்ளையைத் தெருவில் காணும் கணம் ஆகிய ஒவ்வொன்றிலும் அது திரும்ப வரும். உடன்பிறந்த பிள்ளைகளும் துக்கப்படுகின்றனர். தம்மால்தான் நேர்ந்ததோ என்று அஞ்சி வாய் திறவாதிருப்போரும் உண்டு.

இங்கிலாந்தில் கவன்ட்ரி என்றொரு நகரம் உண்டு. முற்காலத்தில் அது பட்டு நாடா நெசவுக்குப் பேர்போனது. 1968இல் அந்நகர மருத்துவமனையில் இரு சிறுவர்கள் இறந்தனர். ஒருவன் சாலை விபத்தில், மற்றவன் புற்றுநோயால். அங்கே சமயப் பணி புரிந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளைஞர் ஒன்றைக் கவனித்தார். தாம் சொல்லும் ஆறுதலைக் காட்டிலும், அவ்விரு குடும்பத்துப் பெற்றோரும் ஒருவரோடொருவர் பேசுவது அவர்களுக்கு அதிகத் தெம்பளித்தது. அவர்கள் கூடிப் பேசியதிலிருந்து 1969இல் ஒரு சங்கம் பிறந்து, பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. பிள்ளையை இழந்த பெற்றோர் பிள்ளையை இழந்த பெற்றோருக்குத் துணை என்பதே அதன் தத்துவம். சந்தாப் பணமோ கட்டடமோ அல்ல, உட்கார ஒரு திண்ணையும் கேட்க ஒரு செவியுமே அதற்கு மூலதனம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

ராச்டேல் நகரில் 1844இல் கூடிய 28 முன்னோடிகளில் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் மாவும் வெண்ணெயும் விற்பதற்கு மட்டும் கூடவில்லை. ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் நிற்கவேண்டும் என்பதற்கே கூடினர். அந்த வழியில் நாம் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, காப்பீட்டு அட்டை எங்கே பெறுவது, எந்த மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதிக் காரியதரிசி சங்க அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

இரண்டாவது, ஓர் அங்கத்தினரின் குழந்தை நோயுற்றதாகத் தெரிந்தவுடன் முறைப்பட்டியல் ஒன்று தயாரிக்கலாம். மருத்துவமனைக்குத் துணை செல்பவர் யார், தறியில் உள்ள பாவை முடித்துக் கொடுப்பவர் யார், தண்ணீர் முறையன்று மடை திருப்புபவர் யார், மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்பும் வீடு எது என்று அதில் கிழமைவாரியாகக் குறிக்கவேண்டும். யாராவது உதவுங்கள் என்று பொதுவில் சொன்னால் எவரும் வருவதில்லை. பெயரும் கிழமையும் எழுதினால் வருவார்கள். இது நாம் பல காரியங்களிலும் கண்ட உண்மை.

மூன்றாவது, கடனைப் பற்றியது. தவணை தவறியபின் அறிவிப்பு அனுப்புவதற்கு முன், காரியதரிசியோ நிர்வாகக் குழுவினர் ஒருவரோ நேரில் சென்று விசாரிக்கவேண்டும். விதிகள் இடமளிக்குமளவு தவணையை மாற்றியமைக்க முன்கூட்டியே விண்ணப்பம் எழுதி வாங்கவேண்டும். இதனால் சங்கத்துக்கு நஷ்டமில்லை; நிமிர்ந்த குடும்பமே கடனைத் திருப்பும். துணைவிதிகளில் பொதுநல நிதிக்கு வழி இருக்கும் சங்கங்கள், பயணச் செலவுக்கு அதிலிருந்து உதவுவதைப் பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யலாம்.

நான்காவது, துக்கத்தைப் பற்றியது. குழந்தை இறந்த வீட்டுக்கு அடக்கத்தன்று மட்டுமன்றி, ஒரு மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும், ஆண்டு நிறைவிலும் இருவர் சென்று வரட்டும். மறந்துவிடு என்று சொல்லவேண்டாம். குழந்தையின் பெயரைச் சொல்லி, அதன் குறும்பைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பேசினால், பெற்றோர் அழக்கூடும். அந்த அழுகை தீங்கன்று. இதே இழப்பை முன்பு கண்ட அங்கத்தினர் விரும்பினால், அவரையும் அழைத்துச் செல்லலாம். உண்ணாமலும் உறங்காமலும் வாரக்கணக்கில் இருப்பவரையும், வாழ விருப்பமில்லை என்று பேசுபவரையும் தனியே விடாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதும் நம் பொறுப்பாகும். 104 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. அரசின் தனி உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நமது அங்கத்தினர் வீடுகளில் நோயுற்ற குழந்தை எவரேனும் உண்டா என்ற ஒரே கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும். செய்யவேண்டியது என்னவென்று அங்கே கூடியிருப்போரே சொல்லிவிடுவர். நெமிலிச்சேரி வட்டாரத்திலும் பிற இடங்களிலும் உள்ள சங்கங்கள் இதை ஆலோசித்து ஆவன செய்யுமென நம்புகிறோம்.