ஆர்க்கிட் பூக்கவில்லையா? வெளிச்சத்தைக் கவனியுங்கள்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிக் கல்யாண மண்டபங்களின் மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையும் கலந்த ஆர்க்கிட் பூக்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை டென்ட்ரோபியம் இனத்தைச் சேர்ந்தவை. இதே பகுதிகளில் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் ஆர்க்கிட் வளர்ப்போரும் உண்டு. அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான். செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் வருவதில்லை என்பார்கள்.

சென்னையைச் சுற்றியுள்ள செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் நிழல்வலைக் கூடம் அமைத்து இப்பயிரைச் செய்யலாமா என்று எண்ணும் சிறு விவசாயிகள் இக்குறையின் காரணத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பத்துத் தொட்டியில் பூ எடுக்கத் தெரியாமல் ஆயிரம் தொட்டியில் பணத்தைப் போடுவது நஷ்டத்தில்தான் முடியும்.

ஏற்ற வகைகள்

நாம் வளர்க்கும் ஆர்க்கிட் வகைகளில் பெரும்பாலானவை இயற்கையில் மரக்கிளைகளின் மேல் தொற்றி வளர்பவை. புல்லுருவியைப் போல மரத்தின் சத்தை இவை உறிஞ்சுவதில்லை. மழைநீர், காற்றின் ஈரம், பட்டையில் சேரும் மக்கு ஆகியவற்றைக் கொண்டே வாழ்கின்றன.

சென்னையின் வெப்பத்துக்கு டென்ட்ரோபியமும் வாண்டாவும் ஏற்றவை. புதிதாகத் தொடங்குவோர் 'சோனியா' போன்ற டென்ட்ரோபியம் ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் குறைந்த அடுக்குமாடி வீடுகளுக்கு பெலனாப்சிஸ் பொருந்தும். மலைப்பகுதிகளில் நன்றாக வரும் சிம்பிடியத்தின் பெரும்பூ ரகங்களைச் சமவெளியில் வாங்கி ஏமாற வேண்டாம்.

திசு வளர்ப்புச் செடிகளையே வாங்க வேண்டும். காப்புக்காடுகளில் இருந்து ஆர்க்கிட் செடிகளைப் பெயர்த்து வருவது சட்டப்படி குற்றம்.

தொட்டியும் நிரப்புபொருளும்

மண்ணில் நட்டால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். பக்கங்களில் துளையுள்ள மண்தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச்சில், செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். மட்டைத் துண்டுகளை இரண்டு மூன்று நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே சேர்க்க வேண்டும். செடிக்குச் சற்றே இறுக்கமான சிறு தொட்டி போதும். வாண்டாவுக்கு நிரப்புபொருளே தேவையில்லை. மரச்சட்டக் கூடையில் வைத்து வேர்கள் காற்றில் தொங்கும்படி விட்டுவிடலாம்.

தண்ணீர்

கடலோரப் பகுதிகளில் பல கிணறுகளின் நீர் உப்பாக இருக்கும். தொட்டியின் விளிம்பிலும் கரித்துண்டிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்கிறது என்று அறியலாம். இது வேர் நுனியைக் கருக்கிவிடும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது மிகச் சிறந்தது. அது முடியாவிட்டால் மாதம் ஒருமுறையாவது நல்ல நீரைத் தாராளமாக ஊற்றித் தொட்டியைக் கழுவிவிட வேண்டும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்பு அதிகம். அதை ஊற்றக் கூடாது.

நீர் தேவையா என்பதை வேரே சொல்லும். காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் நனைந்த வேர் பச்சையாகவும் இருக்கும். காலையில் நீர் விடுவது நல்லது. கத்தரி வெயில் நாட்களில் தரையை நனைத்தும், தொட்டியின் கீழ் ஈரக் கூழாங்கல் தட்டு வைத்தும் காற்றின் ஈரத்தைக் காக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும். பெலனாப்சிஸ் குருத்தில் நீர் தங்கினால் செடி அழுகிவிடும்.

பூவுக்கு வேண்டியது வெளிச்சம்

இலை கரும்பச்சையாக, நீண்டு, துவண்டு இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். பூக்கும் செடியின் இலை இளம்பச்சையாகவும் விறைப்பாகவும் இருக்கும். மஞ்சளாகி வெளிறினாலோ கருகல் புள்ளி தோன்றினாலோ வெயில் அதிகம்.

டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். கிழக்கு நோக்கிய பால்கனியில் காலை வெயில் படும்படி வைக்கலாம். வாண்டாவுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். பெலனாப்சிஸுக்கு நேர்வெயில் ஆகாது. வீட்டுக்குள்ளிருந்த செடியைத் திடீரென்று வெயிலில் வைக்காமல், இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

சிங்கப்பூரின் தேசிய மலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி உருவாக்கிய 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்ற அந்த ஆர்க்கிட் 1893-ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமாயிற்று. 1981-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. முழு வெயிலில் வளரும் இச்செடி, தான் பற்றியேறும் கொம்பின் உச்சியைத் தாண்டிய பிறகே நன்றாகப் பூக்கும்.

பெலனாப்சிஸ் பூக்க வெளிச்சத்தோடு இரவுக் குளிர்ச்சியும் தேவை. சென்னையில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி வரை இறங்குகிறது. அப்போது சில வாரங்கள் காற்றோட்டமான பால்கனியில் வைத்தால் பூந்தண்டு கிளம்ப வாய்ப்பு உண்டு. பூ முடிந்த பின் தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாம் அல்லது மூன்றாம் கணுவுக்கு மேல் நறுக்கலாம். அக்கணுவிலிருந்து மீண்டும் பூ வரக்கூடும்.

உரம்

நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். டென்ட்ரோபியத்தின் புதுத்தண்டு முழு வளர்ச்சி அடைந்ததும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து கூடிய உரத்துக்கு மாற வேண்டும். யூரியாவை அதிகம் கொடுத்தால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும். வெளிச்சம் இல்லாத இடத்தில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளைப் பலர் பட்டுப்போனதாக எண்ணி வெட்டிவிடுகிறார்கள். அது தவறு. செடியின் உணவுச் சேமிப்பு அத்தண்டில்தான் இருக்கிறது. சில தண்டுகள் மறுபடியும் பூக்கும். சுருங்கிக் காய்ந்தவற்றை மட்டும் நீக்கினால் போதும்.

பூச்சி, நோய்

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, இலைப்பேன் ஆகியவை தோன்றினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். நத்தைகளை இரவில் பொறுக்கி அழிக்க வேண்டும். நச்சுயிரி நோய்கள் வெட்டுக்கத்தி வழியாகப் பரவும். ஆகவே ஒரு செடியை வெட்டியதும் கத்தியை நெருப்பில் காட்டிய பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும்.

விவசாயிகளுக்கு

ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பண்ணை இருக்கிறது. அங்கு பல வகைகளை நேரில் காணலாம். சிக்கிமில் உள்ள பாக்யோங்கில் 1996-இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இப்பயிருக்கென்றே இயங்குகிறது.

சிறு நாற்று பூக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்பதை மறக்கலாகாது. தென்னை வைத்திருப்பவருக்கு மட்டையும் பகுதி நிழலும் செலவின்றிக் கிடைக்கின்றன. முதலில் பூக்கும் பருவத்துச் செடிகள் பத்தை வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வளர்த்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் அவை உங்கள் கையில் பூத்தால், நிழல்வலைக்குச் செலவிடுவது பற்றிப் பிறகு கணக்குப் போடலாம்.