கால்வாசி அளந்தால் முழு எம்.ஆர்.ஐ படம் கிடைக்குமா?

எம்.ஆர்.ஐ எடுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க. "வலி எதுவும் இல்லை, அசையாம படுத்திருக்கறதுதான் கஷ்டம்"னு சொல்வாங்க. பெரியவங்களுக்கே அப்படின்னா குழந்தைகளுக்கு? பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறாங்க. அதனால ஸ்கேன் நேரத்தைக் குறைப்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

ஏன் இவ்வளவு நேரம்?

1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நம் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. மெஷின் அதை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. படத்தின் ஃபூரியர் மாற்றத்தை வரிவரியாக அளக்கிறது. அந்த வரிகளின் தொகுப்புதான் கே-ஸ்பேஸ். ஒரு வரி அளந்ததும், அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருக்கணும். 256 வரி, வரிக்கு 2 விநாடி என்றால் 512 விநாடி, அதாவது எட்டரை நிமிடம். எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. அளக்கும் வரிகளைக் குறைக்கலாம். 64 வரி போதும் என்றால் இரண்டே நிமிடம்தான்!

மீதி வரிகள் எங்கிருந்து வரும்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனா தறிச் சத்தம் கேட்கும். டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமா வரைந்து, ஜக்கார்டு அட்டையில் துளை போடுறாங்க. அதே அட்டைகள் சுற்றி வர, அதே புட்டா திரும்பத் திரும்ப விழும். ஒரு புட்டாவும் அதன் இடைவெளியும் தெரிந்தால் போதும், புடவை முழுவதையும் தாளில் வரைந்துவிடலாம்.

உடம்பில் புட்டா கிடையாது. ஆனா பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். போட்டோவை ஜேபெக் சுருக்குவதும் இதை வைத்துத்தான். 2006-ல் டோனோஹோ, காண்டெஸ், ராம்பெர்க், டாவ் ஆகியோர் இதற்குக் கணித அடிப்படை கொடுத்தார்கள். பெயர் கம்ப்ரஸ்டு சென்சிங். 2007-ல் மைக்கேல் லஸ்டிக் குழு அதை எம்.ஆர்.ஐ-க்குக் கொண்டுவந்தது. வரிகளைச் சீராக விட்டால் படம் மேல் படம் விழும்; தாறுமாறாக விட்டால் வெறும் புள்ளி இரைச்சல்தான் வரும். அளந்த வரிகளோடு ஒத்துப்போகும் படங்களில் மிக எளிமையானதைத் தேடி, கம்ப்யூட்டர் அந்த இரைச்சலை நீக்கிவிடும்.

நம்ம பக்கத்திலும் வேலை நடந்திருக்கு. பெங்களூரு தயானந்த சாகர் கல்வி நிறுவனத்தில் சாய்ராம் கீதநாத் குழு 2013-ல் இந்த முறையைப் பற்றி விரிவான மீளாய்வுக் கட்டுரை வெளியிட்டது.

ஆபத்து எங்கே?

புடவையில் ஒரே ஓர் இடத்தில் இழை அறுந்திருக்குன்னு வைங்க. புட்டா கணக்கை மட்டும் நம்பி வரைந்தால், தாளில் அது முழுசாத்தான் தெரியும். டாக்டர் தேடுவதே அந்த அறுந்த இழையைத்தான்! மாடலை அளவுக்கு மீறி நம்பினால் சின்னக் கட்டி மறையலாம். நியூரல் நெட்வொர்க் வைத்துச் செய்யும்போது, இல்லாத ஒன்று முளைக்கவும் செய்யலாம். அதனால படம் அழகா இருக்கா என்பது முக்கியமில்லை. நோயைக் காட்டுதா என்பதுதான் கேள்வி.

நீங்களே சோதிக்கலாம். பைத்தானில் ஒரு 256×256 படத்தில் மங்கலான சின்னப் புள்ளி ஒன்று வைத்து, ஃபூரியர் மாற்றம் எடுங்க. நடு வரிகளை அதிகமாகவும் ஓர வரிகளைக் குறைவாகவும் வைத்து மொத்தம் 64 மட்டும் விட்டு, படத்தை மீட்டெடுங்க. அந்தப் புள்ளி பிழைத்ததா?