மலை ஏறுவோரே, உஷார்! அழகுப் பூவின் கிழங்கில் விஷம்

பவுர்ணமி வந்தால் சதுரகிரிக்கும் பர்வதமலைக்கும் பஸ் பஸ்சாக ஜனங்கள் கிளம்புகிறார்கள். வழியில் கண்ட செடி, கொடியில் கை வைத்தால் ஆபத்து!

அரிப்பு

செந்தட்டி இலை பட்டால் நெருப்பாக எரியும். பூனைக்காலிக் காயின் பழுப்பு ரோமம் பட்டால் போச்சு, அரிப்பு தாங்காது. "சொறிஞ்சா சரியாப் போகும்" என்று தேய்க்கக் கூடாது. ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். பிளாஸ்திரியை ஒட்டி, உரித்து எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும்.

இவை அழ வைக்கும், அவ்வளவுதான். உயிருக்கு உலை வைப்பது அழகான ரகம்!

மாநில மலர்

சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு இதன் கிழங்குதான். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அதிலுள்ள கோல்சிசின் விஷம் ஆளையே முடித்துவிடும்.

பொற்கொல்லர்கள் அந்நாளில் தங்கம் நிறுத்த குன்றிமணியும் லேசுப்பட்டதல்ல. ஓடு உடையாமல் விழுங்கினால் தப்பலாம். கடித்து மென்றால் விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

என்ன செய்வது?

தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தின்றதில் மிச்சத்தையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று டாக்டருக்கு அதுதான் காட்டிக் கொடுக்கும்.