வயசாளிகள் இல்லாத ஆறு

அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் 1985-இல் தூண்டிலில் சிக்கிய ஒரு சினூக் சால்மன் 44 கிலோ இருந்தது. தூண்டிலில் பிடிபட்ட சினூக்குகளில் இன்றுவரை அதுதான் உலக சாதனை. அதை மிஞ்சும் மீன் இனி வருவது கடினம்.

பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் தின்று பெருத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டதும் இறந்துவிடும். எத்தனை ஆண்டு கடலில் இருந்தது என்பதைச் செதிலே சொல்லிவிடும். கோடையில் அகன்றும் குளிர்காலத்தில் நெருங்கியும் அதில் வளையங்கள் விழுகின்றன. அலாஸ்கா மீன்வளத் துறையினர் பல பத்தாண்டுகளாக மீன்களை அளந்து, செதில்களைச் சேகரித்து வந்தார்கள். அலுப்பூட்டும் இந்த வேலைதான் பின்னால் பெரும் செல்வமானது. 1957 முதல் 2018 வரை அளக்கப்பட்ட 1.25 கோடி மீன்களின் கணக்கை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. 1990-க்கு முந்தைய மீன்களைவிட 2010-க்குப் பிந்தைய சினூக்குகள் சராசரியாக 8 சதவீதம் நீளம் குறைந்திருந்தன. கோஹோ, சம், சாக்கை இனங்களும் ஓரளவு சிறுத்திருந்தன.

எட்டு சதவீதம் அற்பமல்ல. சினூக் ஒன்றுக்கு முட்டைகள் 16 சதவீதமும், ஆற்றோர மக்களுக்குக் கிடைக்கும் உணவு 26 சதவீதமும் குறைந்தன.

வளர்ச்சி மந்தமானது இதற்கு முதன்மைக் காரணமல்ல. மீன்கள் இளவயதிலேயே திரும்பிவிடுகின்றன. பெரிய மீனை அள்ளும் வலைகள்மீது கனடிய அறிஞர் ரிக்கர் 1981-லேயே கவனத்தைத் திருப்பினார். ஆனால் வலை மட்டும் முழு விளக்கமாகாது. கடல் சூடாகிறது. பொரிப்பகங்கள் விடும் குஞ்சுகளும் பெருகிவிட்ட பிங்க் சால்மனும் இரைக்குப் போட்டியிடுகின்றன. பெரிய சினூக்குகளையே தேடித் தின்னும் ஓர்க்கா திமிங்கிலங்களும் சில பகுதிகளில் பெருகியுள்ளன. கடலில் இன்னொரு வருடம் தங்குவது உயிருக்கே ஆபத்து என்றானால், சீக்கிரம் திரும்பும் மீன்களே சந்ததியை விட்டுச் செல்லும்.

இதன் சுமை யூகான் ஆற்றோரக் கிராமங்களில் தெரிகிறது. கோடையில் சினூக்கைக் கீறிப் புகையில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது அங்குள்ள பழங்குடியினரின் வாழ்க்கைமுறை. 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் யூகான் சினூக் பிடிப்பை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தின. சினூக்கின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்றுக்கான காலம் அது.

கனடாவில் பிறந்த சினூக்குகளில் 71,000 திரும்பி வரவேண்டும் என்பது இலக்கு. ஆனால் அது தலைக்கணக்கு மட்டுமே. பெரிய பெண்மீன் அதிக முட்டையிடும். வெள்ளம் அரிக்காதபடி சரளைக்கற்களில் ஆழமாகக் குழியும் தோண்டும். வருகிற 71,000-மும் சிறு மீன்களாக இருந்தால் முட்டைக் கணக்கு பொய்த்துப்போகும். ஆகவே எத்தனை பெண்மீன்கள், என்ன வயது, எவ்வளவு நீளம் என்பதையும் அந்த இலக்கில் சேர்த்தாக வேண்டும்.