கொல்லைக் கேரட்

1819-இல் நீலகிரி மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் இங்கே வந்த இங்கிலீஷ் காய்கறிகளில் ஒன்று கேரட். வந்தேறிப் பயிர்தான், ஆனாலும் மலைவாசிகளின் கொல்லைக்குள் சீக்கிரமே வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

பசுவும் விறகடுப்பும் இருந்த வீடுகளில் உரத்துக்காக யாரும் கடைக்குப் போகவில்லை. குப்பைக்குழியில் மாதக்கணக்கில் மக்கிய சாணம், அடுப்புச் சாம்பல், அவ்வளவுதான். பச்சைச் சாணம் போட்டால் கிழங்கு இரண்டு கால், மூன்று கால் என்று கிளைத்துவிடும். பாட்டிகளுக்கு அது தெரியும். பொடி விதையை மணலில் கலந்து மேட்டுப்பாத்தியில் கோடு கோடாகத் தூவுவார்கள். கேரட்டைப் பிடுங்கி நடக்கூடாது, முளைத்த இடத்திலேயே விளைய வேண்டும். முளைக்கவே இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை மேல்மண் காயக்கூடாது. நெருக்கமாக வந்ததைக் கலைத்துப் பிடுங்கினால், சுண்டுவிரல் பருமன் கேரட் குழந்தைகளுக்கு, தழை மாட்டுக்கு. வெளியே தலைகாட்டும் கிழங்குக்கு மண் அணைப்பார்கள். இல்லாவிட்டால் தோள் பச்சையாகிக் கசக்கும்.

1961-இல் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு இங்கே கண்டறியப்பட்டது. பின்னாளில் உருளை சுருங்கியது, வயல்களில் கேரட் பெருகியது. கூடவே ரசாயன உரமும் மருந்தடிப்பும். ஓடையில் காலால் மிதித்துக் கழுவிய காலம் போய், கேத்தி பாலாடாவில் இயந்திரம் சுழல்கிறது. பளபளப்பு கூடியது, தோல் உரசிய கேரட் சீக்கிரம் வதங்கவும் செய்கிறது. மண்ணோடு கிடைத்தால் அதையே வாங்குவேன்.

மருந்துக்குப் பயந்து இப்போது பலரும் கொல்லைக்கே திரும்புகிறார்கள். ஆனால் பசு இல்லை, கேஸ் அடுப்பில் சாம்பல் இல்லை. மண்புழு உரம் மூட்டையில், வேப்பம் புண்ணாக்கு பாக்கெட்டில், பஞ்சகவ்யம் பாட்டிலில். ரசாயனம் ஒழிந்தது, கடை ஒழியவில்லை. கேரட்டைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிராகப் பாத்தியோரம் செண்டுமல்லி வைப்பது மட்டும் பாட்டியின் பாத்தியில் நான் பார்க்காத நல்ல பழக்கம். செலவு அதிகம் வேலிக்குத்தான்: காட்டுமாடும் பன்றியும் ராத்திரியில் வாசல்வரை வருகின்றன.

விதையும் விலைக்குத்தான். ஒட்டுரகத்தில் எடுத்த விதை தாயைப்போல விளையாது. பழைய ரகம் வைத்திருக்கும் ஓரிருவர் நல்ல செடிகளைப் பிடுங்காமல் பூக்க விடுகிறார்கள். முள்ளம்பன்றி முதலில் தோண்டுவது அவற்றைத்தான்.